இரண்டு பெட்டிகளைக் கொடுத்து ஒன்றை வாங்குவது பற்றி

கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் ஞாயிறுதோறும் ஒன்றுகூடி வாத்தியம் பயிலும் எங்கள் குழுவின் தம்பிமாருக்கும், அவர்களுக்கிடையே பேஸ் கிற்றாரைத் தாங்கி நிற்கும் தங்கைக்கும், வயதில் மூத்தவன் எழுதும் திறந்த மடல்.



சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்து பிளேன்ரீயும் மீன் றோல்ஸும் மேசைக்கு வந்த வேளையில், நம்மிடமுள்ள இரண்டு வால்வ் அம்பிளிபயர்களையும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, நூறு வகை ஓசைகளைத் தன்னுள் அடக்கியதென்று சொல்லப்படும் புதிய அம்பிளிபயர் ஒன்றை மாற்றாகப் பெற்றுக்கொள்ளலாமென்று உங்களுள் ஒருவர் பிரேரித்ததும், ஏனையோர் வாயில் றோல்ஸ் இருக்கையிலேயே தலையசைத்து அதை ஆமோதித்ததும், நான் மாத்திரம் ஒன்றும் பேசாது வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்ததும் உங்களுக்கு ஞாபகமிருக்கும். அந்த மௌனத்தைச் சிலர் சம்மதமென்றும் சிலர் கோபமென்றும் பொருள்கொண்டதாகப் பின்னர் கேள்வியுற்றேன். உண்மையில் அப்போது எனக்கு அபிப்பிராயம் என்று ஒன்று இருக்கவில்லை. இப்போது இருக்கிறது, ஆனால் அதை நேரில் சொல்லத் தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்திலேயே ட்ரம்ஸ் வாசிக்கும் தம்பி குறுக்கே ஓர் அடி அடித்துவிடுவாரென்பது நெடுநாளைய அநுபவமாதலால், கடதாசியில் எழுதுகிறேன். இதே யோசனையில் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் குழுக்கள் இந்நகரில் வேறும் இருப்பதை அறிவேனாகையால், உறையை ஒட்டாமலே விடுகிறேன்.

அவ்விரண்டு அம்பிளிபயர்களுள் சின்னப் பெட்டியின் பூர்வோத்தரம் உங்களுள் இளையவர்களுக்குத் தெரியாது. 1970ஆம் ஆண்டு தொடங்கி 1977 வரையில் இந்நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு எத்துணை இறுக்கமாயிருந்ததென்பதை உங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற அக்காலத்தில், வெளிநாட்டு அம்பிளிபயர் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவதென்பது எங்களைப் போன்றோர் நினைத்தும் பார்க்கமுடியாத காரியம். ஆயினும், அதே வருஷங்களில்தான் ஈழத்துப் பொப் இசையென்று நாம் இன்று வழங்குகின்ற பாட்டுவகை கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கொடிகட்டிப் பறந்தது. சிங்களப் பக்கத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தன தம்முடைய மூன்ஸ்ரோன்ஸ் குழுவின் வாயிலாக மின்சாரக் கிற்றாரை 1960களிலேயே வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். இந்தப் பக்கத்தில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடியவற்றைத் தாமும் வாசித்தே தீருவதென்று கிற்றாரைத் தூக்கிய எத்தனையோ இளைஞர்களுள் என் சித்தப்பாவும் ஒருவர். கிற்றார் கிடைத்துவிட்டது, அதைப் பேசவைக்கும் பெட்டி கிடைக்கவில்லை. ஆகவே அவர், ஜம்பட்டா வீதிப் பக்கத்தில் றேடியோ திருத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் போய்க் குந்தினார். அம்மனிதர், கழித்துப் போட்ட றேடியோ ஒன்றின் ட்ரான்ஸ்போமரையும், றேடியோக்களுக்கென்றே 1930களில் உருவாக்கப்பட்ட 6வீ6 என்னும் வால்வ் ஒன்றையும், அதற்குத் துணையாக வேறிரண்டு வால்வுகளையும், எட்டங்குல ஸ்பீக்கர் ஒன்றையும் சேர்த்து, அமெரிக்காவில் லியோ பெண்டர் என்பவர் கற்போருக்கென்று செய்து விற்ற ‘சாம்ப்’ என்ற சிறு அம்பிளிபயரின் வரைபடத்தைப் பார்த்து, தேயிலைப் பெட்டிப் பலகையிலே இதைக் கட்டிக்கொடுத்தார். இதற்கு ஒரே ஒரு குமிழ். அது ஒலியைக் கூட்டும், குறைக்கும், வேறொன்றும் அறியாது.

சுவிச்சைப் போட்டால் முன்புறத்துச் சிவப்பு விளக்கு முதலில் எரியும். நாதம் உடனே வராது. அரை நிமிடம் பொறுக்கவேண்டும். பின்புறத்தால் எட்டிப்பார்த்தால், வால்வுகளுக்குள்ளே சிறு தணல் பூத்து வருவதைக் காணலாம். அதனோடு சூடேறிய தூசியும் வார்னிஷும் கலந்த ஒரு வாசனை எழும். அதன்பின் ஸ்பீக்கரிலிருந்து, தூக்கம் கலைந்த பூனையினுடையது போன்ற மெல்லிய உறுமல் ஒன்று புறப்படும். குமிழை நாலில் வைத்துவிட்டு விரலால் மெல்லத் தொட்டீர்களானால் தந்தி தெளிவாகப் பேசும். குமிழ் அதே இடத்தில் இருக்க, பிக்கினால் அழுத்தி அடித்தீர்களானால், விடிய விடியப் பாடிய அண்ணாவியாரின் தொண்டையைப்போல் ஓர் இனிய கரகரப்பு உண்டாகும். வால்வானது தன் சக்தியின் எல்லையை எட்டுகையில் அலையின் உச்சியைச் சடுதியாக வெட்டாமல் வளைத்துவிடுவதே இதற்குக் காரணமென்று திருத்துபவர் எனக்கு விளக்கியிருக்கிறார். 1970இல் மயாமி நகரில் ‘லைலா’ பதிவானபோது எரிக் கிளப்டன் உபயோகித்ததும் இந்தச் சாதிச் சிறு பெட்டிதானென்பதைச் சித்தப்பா எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் சொல்லாமல் வரமாட்டார்.

1983 ஆடிக் கலவரத்தின்பின் எங்கள் வீட்டில் மிஞ்சிய பொருள்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். ஒரு கையால் தூக்கி மதிலுக்கு மேலால் நீட்டக்கூடியதாயிருந்த காரணத்தால், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மையாரின் அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் இரண்டு வாரம் ஒளிந்திருந்து இப்பெட்டி திரும்பிவந்தது. இதை நான் வாதமாக வைக்கவில்லை. ஒரு பொருளின் சரித்திரம் அதன் ஓசையைச் சிறிதும் நல்லதாக்குவதில்லையென்பதும், இக்கதையைச் சொல்லி உங்கள் வாயை அடைப்பது நியாயமாகாதென்பதும் எனக்குத் தெரியும். மூத்தவன் எதையோ மறைக்கிறானென்று பின்னர் எவரும் சொல்லாதிருக்கும்பொருட்டே குறிப்பிட்டேன்.

இனி, பெரிய பெட்டி. இலண்டனுக்குப் போன என் மைத்துனர் 1990களில் கப்பலில் அனுப்பிவைத்தது. இங்கிலாந்தின் டார்ட்போர்ட் நகரில் டிக் டென்னி என்னும் நிபுணர் வரைந்து, ஷடோஸ் குழுவினரும் பின்னர் பீற்றில்ஸ் குழுவினரும் மேடையேற்றி உலகறியச் செய்த வொக்ஸ் ஏசி30 என்ற அம்பிளிபயரின் வழியில் யாரோ கட்டியது: முப்பது வாற், நான்கு ஈஎல்84 வால்வுகள், பன்னிரண்டங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு, முப்பது கிலோவுக்கு மேற்பட்ட பாரம். உள்ளதைச் சொன்னால், என் அபிமானமெல்லாம் இதன்மேல்தான். சின்னதன்மேல் இருப்பது பாசம், அது வேறு.

புதிய பெட்டியை எதிர்ப்போர் வழக்கமாக எடுக்கும் ஆயுதம், ‘அது போலி’ என்பது. உள்ளே வால்வ் கிடையாது. ஒரு சிறு கணிப்பொறிச் சில்லு, வால்வ் எப்படி நடந்துகொள்ளும், ட்ரான்ஸ்போமர் எப்படித் தளரும், ஸ்பீக்கர்ப் பெட்டி எப்படி அதிரும் என்பவற்றைக் கணக்கிட்டு, அக்கணக்கை ஓசையாக வெளியே விடுகிறது. லைன் 6 என்னும் கலிபோர்ணிய நிறுவனம் 1996இல் இவ்வகை அம்பிளிபயர் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது தொடங்கிய இப்பூசல் இன்னும் ஓயவில்லை. ஆனால் இந்த ஆயுதத்தை நான் கையிலெடுக்கமாட்டேன். 1962இல் இலண்டன் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷலின் கடையில் பிறந்து, றொக் இசையின் குரலென்றே பின்னாளில் கொண்டாடப்பட்ட மார்ஷல் அம்பிளிபயர், பெண்டரின் பாஸ்மன் பெட்டியைப் பார்த்துச் செய்யப்பட்டதுதானே? (அந்த மார்ஷல் அடிப்படையில் ஒரு ட்ரம்ஸ்காரர், ட்ரம்ஸ் விற்கத்தான் கடை போட்டார். நம் தம்பிக்கு இது திருப்தியளிக்குமென்று நம்புகிறேன்.) அது போகட்டும், தேயிலைப் பெட்டிப் பலகையில் பிறந்த நம் சின்னப் பெட்டி எதனுடைய அசல்? பார்த்துச் செய்ததென்பது குற்றமானால் நம் வீட்டிலிருந்தே தண்டிக்கத் தொடங்கவேண்டியிருக்கும்.

ஆகவே விஷயத்தை வேறு முனையிலிருந்து பிடித்தேன். சென்ற மார்கழி 13ஆந் திகதி, கொட்டாஞ்சேனை சாந்த லூசியாள் பேராலயத் திருநாள் தொடக்கம், ஆனி 13ஆந் திகதி, கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் வரையில், நாம் வாசித்த இடங்களையும், ஒவ்வோரிடத்திலும் எந்தப் பெட்டியை எந்த இலக்கத்தில் வைத்தோமென்பதையும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதிவைத்திருந்தேன், சம்பளக் கணக்கு எழுதுவதாக நீங்கள் எண்ணிப் பரிகசித்த கொப்பி அதுவே. அதைப் புரட்டியபோது இரண்டு விஷயங்கள் பிரத்தியட்சமாயின.

முதலாவது, பெரிய பெட்டியின் ஒலிக்குமிழ் இந்த ஆறு மாதத்தில் ஒருமுறையேனும் மூன்றைத் தாண்டவில்லை. தாண்டவேண்டிய அவசியமும் இல்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் எந்தக் கலியாண மண்டபத்துக்குப் போனாலும் சவுண்ட்காரர் அம்பிளிபயரின் முகத்துக்கு முன்னே ஒரு மைக்கை நிறுத்தி, மிக்ஸர் வழியாகத் தம்முடைய பெரிய ஸ்பீக்கர்களுக்கே ஒலியைக் கொண்டுபோய்விடுகிறார். சபையோர் கேட்பது அவருடைய ஸ்பீக்கரை, நம்முடையதையன்று. மேலும், முப்பது வாற் என்றால் ஐந்து வாற்றைவிட ஆறு மடங்கு உரக்கக் கேட்குமென்று நம்மிற் பலரும் நம்புவது ஒரு பிரமை. செவியின் கணக்கு வேறு விதமானது: ஓசை இரு மடங்காகத் தோன்றுவதற்குச் சக்தி ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். ஐந்துக்கும் முப்பதுக்கும் உள்ள வேற்றுமை எட்டு டெசிபெல்லுக்குள் அடங்கிவிடுகிறது. பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு இருப்பதால் இன்னுஞ் சிறிது கூடுமென்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சிறிய மேலதிகத்துக்காக முப்பது கிலோவை மூன்று மாடி ஏற்றியிறக்குகிறோமென்பதை நினைக்கையில், போன தைமாதம் ஓட்டோவிலிருந்து அதை இறக்கும்போது பிடித்த என் முதுகு மீண்டும் ஒருமுறை வலிக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய அநியாயம் என்னவென்றால், வால்வ் அம்பிளிபயரின் அழகு அது தன் எல்லைக்குக் கிட்ட உழைக்கும்போதே வெளிப்படுமாதலால், மூன்றில் வைத்த பெரிய பெட்டி உண்மையில் தன் குரலில் பேசவேயில்லை. கூண்டுக்குள் நாம் அதைப் படுக்கவைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

இரண்டாவது, ஆறு மாதத்தில் நமக்குத் தேவைப்பட்ட ஓசைகள் மூன்றே மூன்று. தேவாலயப் பாட்டுகளுக்கும் கரோல்களுக்கும் தெளிந்த ஓசை. பைலாவுக்கும் பழைய பொப் பாட்டுகளுக்கும் ஓரம் சிறிது முறிந்த ஓசை. சினிமாப் பாட்டுகளுக்கு, மரக் கிற்றாரின் இயல்பும் கோரஸ் என்னும் அலையசைவும் சேர்ந்த ஓசை. முதலிரண்டையும் சின்னப் பெட்டியே தந்துவிடும். மூன்றாவதை நம்மிடமுள்ள இரண்டு பெட்டிகளாலும் தரமுடியாது. 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வைக் கேளாத கலியாண வீட்டை நான் இன்னும் காணவில்லை; அதன் முகப்பிலே விரல்கள் ஓடுகின்ற அந்தக் கிற்றார் வாசிப்பைச் சின்னப் பெட்டியினூடாக வெளியே விட்டால் பேணியில் கரண்டியால் தட்டியதுபோலிருக்கிறது. தாலிகட்டு முடிந்த கையோடு அப்படி ஒரு சத்தத்தை எழுப்புவது மணமக்களுக்குச் செய்யும் மரியாதையன்று. இவ்விடத்தில் உங்கள் பிரேரணைக்கு நான் தோற்றுப்போகிறேன்.

இன்னோரிடத்திலும் தோற்கிறேன். உங்களுள் இருவர் வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளின் அடுக்குமாடிகளில் இருக்கிறீர்கள். சுவருக்கு அந்தப்பக்கம் கைக்குழந்தை, இந்தப்பக்கம் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, கீழே றெயில் வண்டி. ஐந்து வாற் கூட அங்கே அட்டகாசம். புதிய பெட்டியில் ஹெட்போன் மாட்டலாம். சிலவற்றில் அரை வாற்றுக்கு இறக்கலாம். பாரமும் பன்னிரண்டு கிலோவுக்குக் கிட்டத்தான். இரவு ஒன்பது மணிக்குமேல் பயிலமுடியாதவன் எந்த அம்பிளிபயரை வைத்துக்கொண்டும் முன்னேறப்போவதில்லை.

பல குரலுள்ள கருவி கலைக்குக் கேடு என்ற பேச்சு நம்மவரிடையே புதிதன்று. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பௌதிக சாஸ்திரமும் கற்றவராதலால் நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டு எழுதி 1947இல் வெளிவந்த ‘யாழ் நூ’லை நான் பலமுறை எடுத்து, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் வைத்திருக்கிறேன். செங்கோட்டியாழுக்கு ஏழு நரம்பு, சகோடயாழுக்குப் பதினான்கு, பேரியாழுக்கு இருபத்தொன்று என்று வகுத்துக்கொண்ட முன்னோர், ஒரு நரம்புக்கு ஒரு சுரமென்ற நியமத்தால் பண் மாறுகையிலெல்லாம் நரம்புகளை மாற்றிக் கூட்டவேண்டியவராயிருந்தனர். அந்த யாழ் போய், தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளோடு நிலைபெற்ற வீணை எல்லா இராகங்களையும் ஒரே தண்டியில் ஏந்திக்கொண்டது. யாழுக்காக எவ்வளவு ஏங்கினாலும் வீணையைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஆயினும் ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள்: வீணையின் பன்மை வாசிப்பவனுடைய விரலில் இருக்கிறது, அதைப் பெற அவன் பத்து வருஷம் உழைக்கிறான், புதிய பெட்டியின் பன்மையோ வாங்கிய அன்றே பொத்தானில் இருக்கிறது. அவ்வித யந்திரமொன்றை வைத்திருக்கும் வேறொரு குழுவின் கச்சேரிக்குப் போன வருஷம் போயிருந்தேன். பாட்டுக்குப் பாட்டு கிற்றார் வாசிப்பவர் குனிந்து குமிழ்களோடு மந்திராலோசனை நடத்தினார்; சபை விசிறிக்கொண்டிருந்தது; கடைசியில் மாப்பிள்ளையின் பெரியப்பா மேடைக்குக் கிட்ட வந்து, “என்ன தம்பி, கரண்ட் வரேல்லையோ?” என்று மெய்யான அக்கறையோடு கேட்டார்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது கசப்பான விஷயம். வால்வ் இன்று பெரும்பாலும் ருஷியாவிலும் சீனத்திலும் ஸ்லோவாக்கியாவிலுமே செய்யப்படுகிறது. 2022 மார்ச்சில் ருஷியாவிலிருந்து வால்வ் வருவது தடைப்பட்டு உலகெங்கும் விலை ஏறிய அதே மாதத்தில்தான் நமது ரூபாவும் மிதக்கவிடப்பட்டு அமிழ்ந்தது; அம்மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரமும் இருக்கவில்லையாதலால், வால்வ் வாங்க வழியில்லாத துக்கத்தை நாம் இருட்டில் மறந்திருந்தோம். பெரிய பெட்டிக்கு வெளியீட்டு வால்வ் மாத்திரம் நான்கு வேண்டும், அவை கடுமையாக உழைப்பதனால் சீக்கிரம் தேய்வன. சின்னதற்கு ஒன்று போதும், சித்தப்பா சேர்த்துவைத்த மாற்று வால்வுகள் இரண்டு இன்னும் பிஸ்கற் தகரத்தில் இருக்கின்றன. அதைத் திருத்த ஈயம் வைக்கும் கோலும், ஒரு மீற்றரும், சுவிச்சை நிறுத்திய பின்னரும் உள்ளே 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கிநிற்கும் கபாசிற்றரைத் தொடாதிருக்கும் புத்தியும் போதும். புதிய பெட்டியின் நிலை வேறு. பத்து வருஷத்துக்கு முன் நான் வாங்கிய டிஜிற்றல் எபெக்ற் பெட்டியொன்று வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரண்டு மழைக்காலம் இருந்துவிட்டு ஒருநாள் கண்ணை மூடியது; கொண்டுபோய்க் காட்டிய இடமெல்லாம், பலகை முழுவதையும் மாற்றவேண்டும், அந்தப் பலகை இப்போது வருவதில்லை என்றே சொன்னார்கள். எண்ணிக்கைக்குச் சொல்கிறேன்: தேயிலைப் பெட்டிப் பலகையில் கட்டியது ஐம்பது வருஷத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

இவையெல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தபின் என் அபிப்பிராயம் இது. பெரிய பெட்டியைக் கொடுத்துவிடுங்கள், சின்னதைக் கொடுக்கவேண்டாம். என் அபிமானத்துக்குரியதை நானே கொடுக்கச் சொல்வது உங்களுக்கு விந்தையாயிருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் புதியது செய்யப்போகும் வேலையெல்லாம் பெரியது செய்துவந்த, அல்லது செய்யமுடியாது திணறிவந்த வேலையே. சின்னது செய்வதை அது செய்யுமாயினும், வாசிப்பவனுடைய கையை அவ்வாறு வெளிச்சம் போட்டுக் காட்டாது. புதிதாய் வரும் பிள்ளைகள் முதலாவது வருஷம் அந்த ஒற்றைக் குமிழில்தான் பழகவேண்டும் என்பது என் பிடிவாதம். இதில் ஜனநாயகம் இல்லை.

ஒரு பெட்டிக்குக் கடைக்காரர் தரும் விலை இரண்டுக்குத் தருவதாகச் சொன்னதில் பாதியாயிராது, அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். சின்னதை அவர் தேயிலைப் பெட்டியென்றே மதித்திருப்பாரென்பது என் ஊகம். குறையும் காசுக்கு என் பங்காக மார்கழியில் வரும் இரண்டு நிகழ்ச்சிகளின் சம்பளத்தை விட்டுவிடுகிறேன். வாங்குமுன் கடையில் பத்து நிமிடம் தட்டிப்பார்த்துவிட்டுத் தலையாட்டவேண்டாம். நம் கிற்றாரையே கொண்டுபோங்கள், ‘இளைய நிலா’வை முழுவதும் வாசியுங்கள், குமிழ் ஒவ்வொன்றையும் திருப்பி உள்ளே கரகரக்கிறதாவென்று கேளுங்கள். வாங்கியபின் நமக்கு வேண்டிய மூன்று ஓசைகளை மூன்று பொத்தான்களில் பதித்து, மற்றவற்றின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டிவிடவேண்டும். ஒரு வருஷம் சென்றபின் நாடாவை உரிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். ஆவணி 15ஆந் திகதி மடுத் திருவிழாவுக்குக் கீழ்வீட்டார் குடும்பத்தோடு போகிறார்கள். வானும் பேசியாயிற்று, மூன்று நாள் வீடு பூட்டிக்கிடக்கும். கடைக்காரரை அதற்கடுத்த கிழமை வரச் சொல்லுங்கள். திருவிழாவன்று பின்னேரம் நான்கு மணிக்கு எல்லோரும் வாருங்கள். பெரிய பெட்டியின் குமிழை இத்தனை வருஷத்தில் முதன்முறையாக ஏழுக்குத் திருப்பப்போகிறேன். ட்ரம்ஸ் தம்பி எவ்வளவு வேண்டுமானாலும் குறுக்கே அடிக்கலாம், கேட்கப்போவதில்லை. காதுக்குப் பஞ்சு கொண்டுவர மறக்கவேண்டாம்.

இங்ஙனம்,
வயர் சுருட்டும் மூத்தவன்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13